முதலில் ஒரு குட் மார்னிங்

டொமினிக்காவில் கப்பலை விட்டு இறங்குகிற வெளியூர்க்காரர் முதலில் பார்ப்பது மலையை. அடுத்துப் பார்ப்பது எர்மினா செராஃபினை. மலை யாரையும் ஒன்றும் கேட்காது. எர்மினா கேட்பாள்.

தலைநகர் ரோசோவின் படகுத்துறையில், சுங்கக் கொட்டகைக்கும் டாக்சிகள் நிற்கிற இடத்துக்கும் நடுவில் ஒரு மேசை, அதற்கு மேல் ஒரு நீலக் குடை, ‘தகவல்’ என்று ஒரு பலகை. முப்பத்து நாலு வருஷமாக அந்த மேசைக்குப் பின்னால் அவள்தான். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெஞ்சில் பெயர்ப் பட்டை. குழாய்த் தண்ணீரைக் குடிக்கலாமா? குடிக்கலாம். அமெரிக்க டாலர் வாங்குவார்களா? வாங்குவார்கள், மீதி எங்கள் டாலரில்தான் வரும். வண்டி எந்தப் பக்கம்? இடது பக்கம், மலை வளைவில் ஹாரன் அடிக்காமல் திரும்பினால் மேல் பக்கம். பட்டாளத்து உடுப்பு மாதிரி பச்சைத் திட்டுப் போட்ட துணி போடலாமா? கூடாது, குற்றம், சின்னப் பிள்ளையின் அரைக்கால் சட்டையானாலும் கழற்றி வாங்கிக்கொள்வார்கள். நீச்சல் உடையோடு கடைத்தெருவில் நடக்கலாமா? இதற்கு மட்டும் அவள் வாயால் பதில் சொல்வதில்லை. தலையிலிருந்து கால்வரை ஒரு பார்வை. கேட்டவர் துண்டைத் தேடி ஓடுவார்.

வருஷத்துக்கு இரண்டு பேராவது டொமினிக்கன் குடியரசுக்குப் போகவேண்டியவர்கள் பெயரில் ஏமாந்து டிக்கெட் வாங்கி இங்கே வந்துவிடுவார்கள். அவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்துவிட்டு, “அது வேற தீவு மகனே. நீ இப்ப இருக்கிறது இந்தத் தீவு. வந்தது வந்தாச்சு, குளிக்க நல்ல அருவி இருக்கு, போய்க் குளிச்சிட்டுப் போ” என்பாள். அழுதுகொண்டு வந்தவன் சிரித்துக்கொண்டு போவான். ஆனால் இவ்வளவும் அவன் முதலில் குட் மார்னிங் சொல்லியிருந்தால்தான்.

எங்கள் தீவில் அது அப்படித்தான். பேருந்தில் ஏறினால் உள்ளே இருக்கிற எல்லாருக்கும் பொதுவாக ஒரு குட் மார்னிங் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். பன்னிரண்டு அடித்துவிட்டால் குட் ஆஃப்டர்நூன். இருட்டிய பிறகு குட் நைட். எங்களுக்கு அது கிளம்பும்போது சொல்வதில்லை, வந்து நிற்கும்போது சொல்வது. ரொட்டிக்கடை, டாக்டர் வீடு, சாவு வீடு எங்கே போனாலும் இதுதான். சொல்லாமல் நேரே விஷயத்துக்குப் போகிறவன் எதிரே இருப்பவரை ஆளாகவே மதிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் முப்பாட்டன்களை விலைக்கு வாங்கியவர்கள் அப்படித்தான் பேசினார்கள். மாட்டைப் பார்த்து யாராவது குட் மார்னிங் சொல்வார்களா?

ஆக, வழக்கம் நல்ல வழக்கம்தான். ஆனால் எர்மினா கையில் அது பிரம்பாகிவிட்டது. பயணிகளுக்கான தகவல் தாளை அலுவலகம் அச்சடித்தபோது பதினோராவது குறிப்பை எழுதியவளே அவள்தான்: “முதலில் வணக்கம் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பதில் வராது.” மேலதிகாரி இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடலாம் என்றார். எடுத்தால் நான் மேசையை விட்டு எழுந்துவிடுவேன் என்றாள். வாக்கியம் இருந்தது. அன்றிலிருந்து வணக்கம் சொல்லாதவர்களை நிற்க வைத்துப் பாடம் நடத்துவதில் அவளுக்கு ஒரு ருசியே வந்துவிட்டது. அதை நாங்கள் எல்லாரும் வேடிக்கை பார்த்துச் சிரித்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவளுக்கு வேறு ருசி எதுவும் வாய்க்கவில்லை. எழுபத்தொன்பதில் அடித்த புயல் ஃபோன் லாசார் கிராமத்தில் இருந்த அவர்கள் வீட்டுக் கூரையைத் தூக்கிக்கொண்டு போனபோது அவளுக்கு இருபத்து நாலு வயது. அப்பா இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அண்ணன் ஆல்ஃபியஸ் அதற்கு ஐந்து வருஷம் முன்னாலேயே இங்கிலாந்துக்குப் போய் பிராட்ஃபோர்டில் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தான். அம்மா ஒரு பக்கம் கை கால் விழுந்து கட்டிலில். கூரையைத் திரும்பப் போட்டது எர்மினா. மலை ஊற்றிலிருந்து வீட்டுக்குக் குழாயைத் தோளில் சுமந்து வந்து பதித்தது எர்மினா. செயிண்ட் க்ரோய் தீவுக்கு வேலைக்குப் போன ஒருத்தன், வா போகலாம் என்று இரண்டு தரம் கூப்பிட்டான். அம்மாவை யார் பார்ப்பது? மூன்றாவது தரம் அவன் கூப்பிடவில்லை. அம்மா பதினாறு வருஷம் கிடந்து போய்ச் சேர்ந்தாள்.

வீடு மட்டும் அவள் பெயரில் இல்லை. வெளிநாட்டில் இருக்கிறவன் பெயரில் இருந்தால் உள்ளூரில் எவனும் கை வைக்கமாட்டான் என்று அப்பா அதை ஆல்ஃபியஸ் பெயரில் எழுதி வைத்திருந்தார். ஆல்ஃபியஸ் நல்லவன். ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் செய்வான். “மினா, அது உன் வீடு. அடுத்த தடவ வரும்போது எழுதிக் குடுத்துடறேன்.” நாற்பது வருஷத்தில் இரண்டு தடவை வந்தான். இரண்டு தடவையும் ரம் குடித்தான், சொந்தக்காரர்களைப் பார்த்தான், ஆற்றில் குளித்தான், போய்விட்டான். நல்லவர்களிடம் இருக்கிற பெரிய தொல்லை இதுதான், அவர்களை அவசரப்படுத்த முடியாது.

முந்தின வருஷம் நவம்பரில் பிராட்ஃபோர்டில் ஆல்ஃபியஸ் இறந்தான். அவனுடைய ஒரே மகள் ஷெரெல் போன் செய்தாள். எர்மினா அவளை நேரில் பார்த்ததில்லை. ஒன்பது வயதில் வெள்ளை உடுப்போடு நற்கருணை வாங்கின படம் ஒன்று சுவரில் இருந்தது, அவ்வளவுதான்.

“அத்தை, அப்பாவை எரிச்சிட்டோம். அஸ்தியைக் கொண்டுட்டு வர்றேன். பாட்டி பக்கத்துல வைக்கணும்னு சொல்லியிருந்தார்.”

“எரிச்சிட்டீங்களா?” என்றாள் எர்மினா. எங்கள் ஊரில் ஆளைப் புதைத்துத்தான் பழக்கம். “முழு ஆளையுமா?”

“ஆமா அத்தை. இன்னொரு விஷயம். வீடு உங்களுக்குத்தான்னு அப்பா எங்கிட்ட எத்தனையோ தரம் சொல்லியிருக்கார். தாளெல்லாம் ரெடி பண்ணிட்டேன். சனிக்கிழமை சர்ச்சுல பூசை முடியட்டும். திங்கக்கிழமை கையெழுத்துப் போட்டு உங்க பேருக்கு மாத்திடலாம்.”

எர்மினா போனை வைத்துவிட்டுத் தன் வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்தாள். வாசலில் நாலு மரப்படி. மூன்றாவது பலகை ஆடும். அவள் நாற்பது வருஷமாக அதைத் தாண்டித்தான் கால் வைப்பாள். வீடு தன் பெயருக்கு வந்ததும் முதல் வேலை அந்தப் பலகைக்கு ஆணி அடிப்பது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலப் படகில் ஷெரெல் பக்கத்துத் தீவான குவாதலூப்பிலிருந்து வருவதாக ஏற்பாடு. அன்று காலை பெரிய கப்பல் ஒன்றும் வந்து நின்றது. எர்மினாவின் போன், வழக்கம் போல, அணைத்து மேசை இழுப்பறைக்குள் இருந்தது. எதிரே ஆளை நிற்க வைத்துக்கொண்டு போனைப் பார்ப்பது அவள் அகராதியில் அசிங்கம்.

பதினொன்றரை மணி வாக்கில், குவாதலூப்பிலிருந்து காலைப் படகு வந்து அரைமணி கழித்து, சுங்கக் கொட்டகையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும், குட்டை முடி, கையில் ஒரு பாஸ்போர்ட்.

“சுகாதார ஆபீஸ் எங்க இருக்கு? பன்னண்டு மணிக்கு மூடிடுவாங்களாம். சீக்கிரம் சொல்லுங்க.”

எர்மினா வரைபடங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க ஆரம்பித்தாள்.

“கேக்குதா உங்களுக்கு? ப்ளீஸ். என் சாமானைப் பிடிச்சு வச்சிருக்காங்க. ஏதோ ஒரு முத்திரை வேணுமாம். இன்னிக்கு விட்டா திங்கக்கிழமைதானாம்.”

“அடுத்தவங்க யாரு?” என்றாள் எர்மினா, அந்தப் பெண்ணின் தோளுக்கு மேலே பார்த்து.

பின்னால் ஒரு வயதான அமெரிக்க ஜோடி. “குட் மார்னிங்” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். தகவல் தாளைப் படித்திருக்க வேண்டும். அவ்வளவுதான், எர்மினா மலர்ந்துவிட்டாள். வெந்நீர் ஊற்றுக்கு எந்தப் பேருந்து, அங்கே செருப்பைக் கழற்றலாமா, சாப்பாட்டுக்கு வாங்கிய உப்புமீன் காரமாக இருந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். இருபது நிமிஷம் போயிற்று. அந்தப் பெண் ஓரமாக நின்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு யாரிடமாவது கேட்கலாம் என்று திரும்பினால், டாக்சிக்காரர்களைக் கப்பல் பயணிகள் மொய்த்திருந்தார்கள்.

டாக்சிக்காரன் ஹயசிந்து மட்டும், எர்மினாவின் பாடத்துக்குக் குறுக்கே போகப் பயந்து, வண்டிமேல் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். எர்மினாவோடு பள்ளிக்கூடத்தில் படித்தவன். “மினா, அந்தப் பொண்ணு அழுவுது.”

“அழட்டும். அழுகைக்கு முன்னாடி வரவேண்டியது ஒண்ணு இருக்கு.”

“நான் என்ன தப்பு பண்ணேன்?” என்றாள் அந்தப் பெண். குரல் உடைந்திருந்தது.

இங்கேதான் எர்மினா நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு குட் மார்னிங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். ஆனால் சுற்றிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அந்தப் பெண் எங்கள் நிறத்தில் இருந்தாள், பேச்சு மட்டும் இங்கிலாந்துப் பேச்சாக இருந்தது. எர்மினாவுக்கு நாக்கு நீண்டுவிட்டது.

“என்ன தப்பா? நம்ம தோலப் போத்திக்கிட்டு வெள்ளைக்காரத் துரைசானி மாதிரி வந்து நிக்கிறியே, அதான் தப்பு. நாயைக் கூப்பிடறவன்கூட முதல்ல பேர் சொல்லித்தான் கூப்பிடுவான். மனுஷியப் பார்த்தா ஒரு குட் மார்னிங் சொல்லணும்னு உன்னப் பெத்தவன் சொல்லித் தரலயா? அதக்கூடச் சொல்லித் தராத அப்பன் என்ன அப்பன்? இருந்தா என்ன, செத்தா என்ன?”

அந்தப் பெண்ணின் அழுகை சட்டென்று நின்றது. அவள் எர்மினாவின் முகத்தைப் பார்க்கவில்லை. பெயர்ப் பட்டையைப் பார்த்தாள். ஒருமுறை படித்தாள், இன்னொரு முறை படித்தாள்.

“குட் மார்னிங், மிஸ் செராஃபின்” என்றாள், மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் தெரிய.

“ஆங், அப்படி வா வழிக்கு. குட் மார்னிங் மகளே. சந்தை தாண்டி இடது கைப் பக்கம் திரும்பு, மூணாவது தெரு, மஞ்சள் கட்டடம், மாடி. நடந்தா கால் மணி நேரம்.”

“தேங்க்யூ, மிஸ் செராஃபின்” என்று அதையும் சொல்லிவிட்டு அவள் போனாள். ஓடவில்லை, நடந்து போனாள். கடிகாரத்தில் மணி பதினொன்று ஐம்பது.

“பாத்தியா?” என்றாள் எர்மினா ஹயசிந்திடம். “கத்துக்கிட்டா.”

“அவ உன் சட்டையப் பாத்த பார்வை எனக்குப் பிடிக்கல மினா.”

“உனக்கு எதுதான் பிடிக்கும், போய் வண்டியத் துடை.”

மேசையை மூடுகிற நேரத்தில் போனை எடுத்து உயிர்ப்பித்தாள். காலை ஏழே முக்காலுக்கு வந்த செய்தி ஒன்று இருந்தது.

“குட் மார்னிங் எர்மினா அத்தை. எனக்குக் காலைப் படகிலேயே இடம் கிடைத்துவிட்டது. நீங்கள் ஆபீசில் வேலையாக இருப்பீர்கள், அலைய வேண்டாம். நானே டாக்சி பிடித்து அப்பாவோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.”

ஆபீஸ். தங்கச்சிக்குச் சுற்றுலா ஆபீசில் பெரிய அதிகாரி வேலை என்று ஆல்ஃபியஸ் பிராட்ஃபோர்டு முழுக்கப் பீற்றி வைத்திருந்தான். வெயிலில் குடைக்குக் கீழே உட்கார்ந்திருப்பவள் அத்தை என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? எர்மினா செய்தியின் முதல் இரண்டு வார்த்தைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முப்பத்து நாலு வருஷ அனுபவம் என்றால் சும்மாவா, ரோசோவில் இருக்கிற அத்தனை விடுதிகளின் எண்ணும் அவளுக்கு மனப்பாடம். இரண்டாவது போனிலேயே ஷெரெல் தங்கியிருந்த இடம் அகப்பட்டது. வரவேற்பில் இருந்தவள் விசாரித்துவிட்டு வந்து, “மன்னிச்சுக்குங்க மிஸ் எர்மினா, அவங்க பேச விரும்பலயாம்” என்றாள்.

ஆல்ஃபியஸ் அந்தச் சனி ஞாயிறை ரம் பெட்டிகளுக்கும் கார் டயர்களுக்கும் நடுவில், சுங்கக் கொட்டகையில் கழித்தான். சனிக்கிழமை பூசை அவன் இல்லாமலே நடந்தது. அம்மாவின் கல்லறைக்குப் பக்கத்தில் வெட்டி வைத்திருந்த சின்னக் குழி திறந்தே கிடந்தது. ஞாயிறு பெய்த மழையில் அது பாதி நிரம்பியது. எர்மினா ஒரு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய், முழங்கால் போட்டு உட்கார்ந்து, தண்ணீரை மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். பார்த்தவர்கள் யாரும் கிட்டே போகவில்லை.

திங்கள் பதினொன்றரை மணிக்கு, அவள் வீட்டுப் படலுக்கு வெளியே நின்று யாரோ குரல் கொடுத்தார்கள். “உள்ள இருக்கீங்களா? குட் மார்னிங்!” எங்கள் ஊரில் படலைத் தள்ளிக்கொண்டு யாரும் உள்ளே வருவதில்லை, நின்று கூப்பிடுவார்கள். ஷெரெல் அதைச் சரியாகச் செய்தாள். ஹயசிந்து வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான்.

“வாம்மா, வா. இது உன் வீடு. அப்பா எங்க?” எர்மினா அவள் கைகளைப் பார்த்தாள். ஒரு பழுப்புக் காகித உறை மட்டும் இருந்தது.

“பாட்டி பக்கத்துல வச்சாச்சு அத்தை. பாதிரியாரும் நானும். இப்பத்தான் முடிச்சிட்டு வர்றேன்.”

“என்ன ஒரு வார்த்தை கூப்பிடலயே!”

ஷெரெல் உள்ளே வந்தாள். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். எர்மினா கொக்கோ டீயைக் கொண்டுவந்து வைத்தாள்.

“நாக்கு தப்பிடுச்சும்மா. நீன்னு தெரியாது.”

“தெரிஞ்சிருந்தா?”

“தெரிஞ்சிருந்தா ஓடி வந்து கட்டிப் பிடிச்சிருக்க மாட்டேனா?”

“அதான் அத்தை. நம்ம பொண்ணுன்னா கட்டிப் பிடிப்பீங்க. யாரோன்னா ஓரமா நிக்க வச்சு அப்பனைத் திட்டுவீங்க.” அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எர்மினாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். “அப்பா எனக்குச் சொல்லித் தந்தாரு. பிராட்ஃபோர்டுல பஸ்ல ஏறுறவங்க ஒவ்வொருத்தருக்கும் ஸ்டியரிங்லேருந்தே குட் மார்னிங் சொல்லுவாரு. லூசுன்னு நினைச்சுக்கிட்டுப் போவாங்க. எனக்கு வெக்கமா இருக்கும், கடைசி சீட்டுல போய் ஒளிஞ்சுக்குவேன். அன்னிக்கு அவரு அந்தக் கொட்டகையில மேசை மேல இருந்தாரு அத்தை. ஒருத்தன் டப்பாவத் தட்டித் தட்டி, இது என்ன மாவான்னு கேட்டான். அதுக்கப்புறம் எனக்கு வாயில எதுவும் வரல.”

எர்மினா தன் சட்டையின் கைப்பகுதியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “மன்னிச்சிடு மகளே. அண்ணனும் என்ன மன்னிக்கட்டும்.” மனசாரச் சொன்னாள். அதில் பொய் இல்லை.

ஷெரெல் கொஞ்ச நேரம் சுவரில் இருந்த தன் ஒன்பது வயதுப் படத்தைப் பார்த்தாள். பிறகு உறையைப் பிரித்துத் தாள்களை மடிமேல் வைத்தாள். பையில் பேனாவைத் தேடினாள். பேனா அகப்பட்டது. மூடியைத் திறந்தாள்.

எர்மினா சும்மா இருந்திருக்கலாம். ஒரு நிமிஷம், அதிகம் போனால் இரண்டு. ஆனால் முப்பத்து நாலு வருஷப் பழக்கம் தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

“ஆனாலும் மகளே,” என்றாள், அன்பாகத்தான், “என்ன அவசரமா இருந்தாலும் ஒரு குட் மார்னிங்…”

ஷெரெல் நிமிர்ந்து பார்த்தாள். பேனாவை மூடினாள். தாள்களை மடித்து உறையில் போட்டாள். கொக்கோ டீக்கு நன்றி சொன்னாள், வருகிறேன் அத்தை என்றாள், படியில் இறங்கும்போது மூன்றாவது பலகையில் கால் வைத்துத் தடுமாறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு போனாள்.

எட்டு மாதத்தில் வீடு விற்றுப்போனது. வாங்கியவர்கள் ஒரு பிரெஞ்சு தம்பதி. எர்மினா அவகாசம் கேட்கவில்லை, அவள் கேட்கிற ஆள் இல்லை. அம்மாவின் கட்டிலையும் இரண்டு பெட்டியையும் ஹயசிந்துவின் வண்டியில் ஏற்றிக்கொண்டு, ரோசோவில் பாட்டர்ஸ்வில் பக்கம் ஒற்றை அறைக்கு வந்தாள். அடுத்த வருஷத் தகவல் தாளில், ‘தங்குமிடங்கள்’ என்ற தலைப்பின் கீழே புதிதாக ஒரு பெயர் வந்தது: செராஃபின் காட்டேஜ், ஃபோன் லாசார். பெயர் அழகாக இருக்கிறது என்று அவர்கள் அதை மாற்றவில்லையாம். அந்தத் தாளை அவளே தன் கையால் ஆளுக்கொன்று எடுத்துக் கொடுக்கிறாள். பதினோராவது குறிப்பு இன்னும் இருக்கிறது.

போன வாரம் ஒருவர் மேசைக்கு வந்தார். தொப்பி, முதுகில் பெரிய பை. “இந்த செராஃபின் காட்டேஜுக்கு எப்படிப் போகணும்?” என்றார், எடுத்த எடுப்பில்.

ஹயசிந்து வண்டிமேல் சாய்ந்திருந்தவன் நிமிர்ந்தான். எர்மினா வரைபடத்தை விரித்தாள்.

“சந்தைகிட்ட பஸ் நிக்கும். பெரிய சீமைப்பலா மரம் வர்ற இடத்துல இறங்கிக்குங்க. நாற்பது நிமிஷம்.”

“அங்க தண்ணி நல்லாருக்குமா?”

“ரொம்ப நல்லாருக்கும். ஊத்துலேருந்து குழாய்ல வருது. கொதிக்க வைக்க வேணாம்.” வரைபடத்தை மடித்து அவரிடம் கொடுத்தாள். “வாசல்ல நாலு படி. மூணாவது பலகை ஆடும், பாத்துக் கால் வைங்க.”

அவர் போனை எடுத்து, விரலால் தள்ளித் தள்ளி ஒரு படத்தைக் கண்டுபிடித்து அவள் முன்னால் நீட்டினார். “படியே இல்லயே, பாருங்க. கல்லு போட்டுச் சரிவா கட்டியிருக்காங்க. உங்களுக்கு யாரோ பழைய தகவலக் குடுத்திருக்காங்கம்மா.”

எர்மினா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தாள்.

“ஆமா சார்,” என்றாள். “பழைய தகவல்.” பிறகு அவர் தோளுக்கு மேலே பார்த்தாள். “அடுத்தவங்க யாரு?”